பிரிண்டர் வீடு மாறிவிட்டது: 'ஆஃப்லைன்' என்று வந்தால் எங்கே பார்ப்பது?

[காட்சி: இரவு. மேசைமேல் பிரிண்டர், விளக்கு எரிகிறது. கணினித் திரையில் 'ஆஃப்லைன்' என்ற சொல்.]

வணக்கம். காலையில் தேர்வு, ஹால் டிக்கெட்டை இன்றிரவே அச்சிட்டாக வேண்டும். பிரிண்டரில் தாள் இருக்கிறது, மை இருக்கிறது, வைஃபை விளக்கும் எரிகிறது. கணினி மட்டும் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கிறது. நேற்று வரை நன்றாக ஓடிய பிரிண்டர்தான். இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: மாலையில் அரை மணி நேரம் மின்சாரம் போய் வந்தது.

இந்த இடத்தில் பலரும் டிரைவரை நீக்கிவிட்டு, மறுபடி பதிவிறக்கி நிறுவத் தொடங்குவார்கள். சில நேரம் அதிலேயே சரியாகியும் விடும். அதனால்தான் அந்தப் பழக்கம் நம்மை விடமாட்டேன் என்கிறது. டிரைவரின் வேலை, நம் கோப்பைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் எழுதித் தருவது. எழுதிய கடிதம் போய்ச் சேரவே இல்லை என்றால், எழுதியவரை மாற்றி என்ன பயன்?

[காட்சி: ஒரு தெரு. தபால்காரர் 5ஆம் எண் கதவைத் தட்டுகிறார். பிரிண்டர் 12ஆம் எண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.]

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் ஐபி முகவரி தருகிறது, 192.168.1.5 என்பதுபோல. அது சொந்த வீடு அல்ல, குத்தகை. ரௌட்டர் அணைந்து எழும்போது யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கை மறந்துவிடக்கூடும். நேற்று 5இல் இருந்த பிரிண்டருக்கு இன்று 12 கிடைக்கிறது. கணினி பழைய கதவையே தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று திரும்பிவிடுகிறது. 'ஆஃப்லைன்' என்பதற்கு அவ்வளவுதான் பொருள்.

ஆகவே முதலில் பிரிண்டரிடமே அதன் முகவரியைக் கேளுங்கள். அதன் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் முகவரி தெரியும். திரை இல்லாத சிறிய பிரிண்டர்களில், தகவல் பக்கத்தை அச்சிட ஒரு பொத்தான் இருக்கும். இதற்குக் கணினி தேவையில்லை.

[காட்சி: தகவல் பக்கம். ஐபி முகவரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

அந்த எண் 169.254 என்று தொடங்கினால் கணினியை விட்டுவிடுங்கள். ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் பிரிண்டர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட எண் அது. ரௌட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, பிரிண்டரை வைஃபையில் புதிதாக இணையுங்கள்.

ஒழுங்கான எண்ணாக இருந்தால், கணினியின் பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் அதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களுக்குள் ஒரு சிறு இணையப் பக்கம் இருக்கிறது. அது திறந்தால் பாதை சரி, கோளாறு கணினிக்குள். திறக்காவிட்டால் கோளாறு பெரும்பாலும் பாதையில்தான்.

பாதைக் கோளாறுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு ரௌட்டர் வீடுகள். இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போன பெட்டி கீழே. மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று நாம் வாங்கிய ரௌட்டர் மேலே. இரண்டும் தனித்தனியே முகவரி வழங்கினால் ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர்கள். பிரிண்டர் 192.168.1இல், மடிக்கணினி 192.168.0இல் என்று முதல் மூன்று எண்கள் வேறுபட்டால் இதைச் சந்தேகியுங்கள். மாடி ரௌட்டரை, முகவரி வழங்காமல் சிக்னலை மட்டும் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும்.

விருந்தினர் வைஃபையில் பிரிண்டரை இணைத்திருந்தாலும் இதே கதி. அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி வேண்டுமென்றே மறைத்திருப்பார்கள். அலுவலக மடிக்கணினி என்றால், போக்குவரத்தை அலுவலகம் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள்; வீட்டுப் பிரிண்டருக்கான பாதையை அது மறித்துவிடக்கூடும். ஆனால் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேறுபாட்டின் மீது பழி போடாதீர்கள். பல பிரிண்டர்களுக்கு 2.4 மட்டுமே தெரியும் என்பது உண்மை; ஆனால் ஒரே ரௌட்டரில் இருக்கும் வரை, 5இல் உள்ள கணினி அதனுடன் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்.

[காட்சி: விண்டோஸ். பிரிண்டரின் பண்புகள், 'போர்ட்ஸ்' பகுதி.]

பிரவுசரில் பக்கம் திறந்தது, அச்சு மட்டும் வரவில்லை என்றால் இங்கே வாருங்கள். போர்ட் என்பது கணினி அச்சு வேலையை அனுப்பும் வழி. டிக் செய்யப்பட்ட போர்ட்டில் பழைய முகவரி இருக்கும். 'ஆட் போர்ட்' அழுத்தி, 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' தேர்ந்து, புதிய முகவரியைக் கொடுங்கள். டிரைவரைத் தொடவே வேண்டாம். அங்கே 'டபிள்யூஎஸ்டி' என்று இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். பிரிண்டரைத் தானே தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அது, தேடும்போது அவ்வப்போது தொலைத்தும் விடுகிறது.

அடுத்த மின்வெட்டிலும் இதே கூத்து வேண்டாம் என்றால், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்பதைத் தேடுங்கள். தகவல் பக்கத்தில், எண்ணும் ஆங்கில எழுத்துமாக 12 குறிகள் கொண்ட மேக் முகவரி இருக்கும்; அது கருவியோடு பிறந்த அடையாளம். அதைக் கொடுத்து, இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்தான் என்று எழுதி வைத்துவிடலாம். பிரிண்டரிலேயே நிரந்தர எண் போட்டுவிட்டு ரௌட்டருக்குச் சொல்லாமல் விட்டால், அதே எண்ணை அது ஒருநாள் யாருடைய போனுக்காவது கொடுத்துவிடக்கூடும்.

இன்னொன்று. கோபத்தில் எத்தனை முறை 'பிரிண்ட்' அழுத்தினீர்கள்? அத்தனையும் கணினியின் வரிசையில் காத்திருக்கின்றன. போர்ட்டை மாற்றுவதற்கு முன்பே வரிசையைத் திறந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள். அவை நீங்காவிட்டால், விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில், அச்சு வரிசையைக் கவனிக்கும் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை 'ரீஸ்டார்ட்' செய்துவிட்டு முயலுங்கள்.

[காட்சி: பிரிண்டர் ஓடத் தொடங்குகிறது. ஒரே ஹால் டிக்கெட், ஏழாவது முறையாக வெளியே வருகிறது.]