கை வரலைன்னா, எங்க வரலைன்னு பாருங்க

வணக்கம்ங்க. சேலம் செவ்வாய்ப்பேட்டையில இருந்து பேசுறேன். பின்னாடி டொக்கு டொக்குனு கேக்குறது கொலுசுப் பட்டறை. கொஞ்சம் பொறுத்துக்கங்க, இன்னைக்கு அதுவும் நமக்கு வேணும்.

குரோத் மைண்ட்செட், வளரும் மனப்பான்மைனு இப்ப ஆபீஸ் மீட்டிங்ல எல்லாம் சொல்றாங்க. திறமை பிறவியோட நின்னுடாது, பழகப் பழக வளரும்ங்கிற எண்ணம்தான் அது. பாதிப்பேர் அதை 'நம்பிக்கையா இரு, நல்லா உழை'ன்னு எடுத்துக்கிறாங்க. அவ்வளவுதான்னா அதுக்கு எதுக்குங்க புதுப்பேரு? உளவியல் ஆய்வாளர்கள் கிளாடியா மியூல்லர், கரோல் டிவெக் ரெண்டு பேரும் 1998-ல வெளியிட்ட ஆய்வுல, 'நீ புத்திசாலி'னு பாராட்டு வாங்கின பசங்க, அடுத்து கஷ்டமான புதிர்ல தோத்ததும் துவண்டுட்டாங்க. 'நல்லா முயற்சி பண்ணினே'னு பாராட்டு வாங்கின பசங்க விடாம போட்டுப் பாத்தாங்க. ஆனா 2018-ல நிறைய ஆய்வுகளைச் சேர்த்து அலசினப்போ, மனப்பான்மைப் பயிற்சியால மார்க் ஏறினது ரொம்பக் கொஞ்சம்தான். அதனால மனசை ஓரமா வச்சிட்டு, தப்பை எழுதி வைக்கிற நோட்டுக்கு வருவோம்.

கொலுசுல கண்ணியோட, அதாவது சின்ன வளையத்தோட, ரெண்டு முனையையும் பொடியை உருக்கிப் பத்தவைக்கிறதையே, அதாவது ஒட்டவைக்கிறதையே, பாருங்க. புதுசா சேர்ந்த பையன் 'எனக்குக் கை வரலண்ணா'ம்பான். சரி, பத்து பத்தவைப்பை வரிசையா வச்சுப் பாருங்க. பொடி உருண்டையா திரண்டு நிக்குதா? வெள்ளி மேல எண்ணெய்ப் பிசுக்கு, இல்லைனா பொடி உருகி ஓட உதவுற வெங்காரம் (போராக்ஸ்) பத்தல. நெருப்பை நேரா பொடி மேலயே காட்டியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். வெள்ளி சூடாகறதுக்குள்ள பொடி உருகிடும். ஒரு பக்கமா ஓடியிருக்கா? அந்தப் பக்கம் சூடு அதிகம், பொடி சூட்டைத் தேடித்தான் ஓடும். ரெண்டு முனைக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா, எவ்வளவு பொடி போட்டாலும் நிரம்பாது. கண்ணியே இளகிப் போச்சா? சுத்த வெள்ளி உருகறது ஏறக்குறைய 962 டிகிரியில. செம்பு கலந்தது அதுக்கும் கீழயே இளகும், நெருப்பை எடுக்க லேட்டு.

பாத்தீங்களா, 'கை வரல'ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள ஆறு தப்பு ஒளிஞ்சிருக்கு. பத்துல ஆறு ஒரே வகைனா, அடுத்த பத்துல அதை மட்டும் மாத்துங்க. ரெண்டை ஒண்ணா மாத்தினீங்கன்னா எது கேட்டுச்சுனே தெரியாது.

கம்ப்யூட்டர்ல உக்காந்து ஜவ்வரிசி பில் போடுறவங்களுக்கும் இதேதான். அம்பது பில்லை எடுத்து தப்பைப் பிரிங்க: எண் இடம் மாறினது, ரேட் பழசு, பார்ட்டி பேரு மாறினது. 56-ஐ 65-னு அடிக்கிறவங்க வாய்விட்டுப் படிச்சு அடிச்சாலே நிறைய குறையும். ரேட் தப்புக்கு அது உதவாது. அன்னைக்கு ரேட் ஷீட் மேசையில இல்லாததுதான் அங்க கோளாறு. உங்க திறமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைங்க.

நோட்டுல நாலு கட்டம் போதும்: தேதி, எத்தனைல எத்தனை தப்பு, என்ன வகை, நாளைக்கு மாத்தப்போறது. வேலை முடிஞ்சதும் பத்து நிமிஷம், நாலு வாரம், ஒரே ஒரு திறமை. 'கம்யூனிகேஷன் வளர்த்துக்கணும்'னு எழுதாதீங்க, அதை எண்ண முடியாது. 'வாடிக்கையாளர் திருப்பி என்ன கேட்டாரு, எத்தனை தடவை'னு எழுதுங்க. ரெண்டாவது வாரம் எண்ணிக்கை அப்படியே நிக்கும், நிறையப்பேர் அங்கதான் நோட்டை மூடுறாங்க. அப்ப மூணாவது கட்டத்தைப் பாருங்க. மொத்தம் குறையாம, வகை மட்டும் மாறியிருக்கலாம். அதுவும் நகர்வுதான்.

மேல இருக்கிறவங்ககிட்ட 'எப்படிங்க சார் இருக்கு?'னு கேட்டா 'நல்லாருக்கு'னு வரும், அதுல ஒண்ணும் கிடைக்காது. 'இந்தப் பத்துல நீங்க தள்ளிவைக்கிறது எதுங்க, ஏன்?'னு கேளுங்க. கையில எடுத்துத் திருப்பிப் பாத்துத்தான் பதில் சொல்வாங்க.

பட்டறை வச்சிருக்கிறவங்க, டீம் லீடுங்க, உங்களுக்கு ஒண்ணு. தப்பு நோட்டைக் கேட்டு வாங்கி, அதை வச்சே சம்பள உயர்வுல கை வச்சீங்கன்னா, அடுத்த மாசம் நோட்டு சுத்தமா இருக்கும். கொலுசு இருக்காது.