வேஷம் போட்டால் சிரிப்பா? பள்ளிக்கூடக் காமெடிப் படங்கள் மாறிய கதை

மக்களே, கால்பந்து விளையாட வெறியோடு இருக்கிற ஒரு பெண். பள்ளியில் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். ஆண்கள் அணியிலும் இடமில்லை. உடனே விக் வைத்துக்கொண்டு, இரட்டைச் சகோதரன் பெயரில் வேறொரு பள்ளிக்குப் போய்விடுகிறாள்! 2006-ல் வந்த ‘ஷீஸ் தி மேன்’. கால்பந்து என்றால் உயிரை விடுகிற நம்ம குமரிக் கடற்கரை ஊர்களான தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் பிறந்தவர்கள் பார்த்தால் கால் சும்மா இருக்காது.

(திரையில்: பழைய மேடை ஓவியம்)

படத்துக்கு மூலம் ஷேக்ஸ்பியரின் ‘ட்வெல்த் நைட்’. 1602-லேயே மேடையேறிய நாடகம். சரி, இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். அன்றைய லண்டன் மேடையில் பெண் வேஷம் எல்லாம் பையன்களுக்குத்தான். அதாவது ஒரு பையன் பெண்ணாக வேஷம் போட, அந்தப் பெண் மறுபடி ஆணாக வேஷம் போடுகிறாள்! அந்தக் காலத்திலேயே ‘ஆண் என்றால் என்ன, பெண் என்றால் என்ன’ என்று மேடையில் விளையாடியிருக்கிறார்கள்.

லண்டன் வரைக்கும் போவானேன்? நம்ம ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்த டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபாவும் பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிதான். பெண் வேஷம் கட்டியதும் பையன்களே. டி.கே.சண்முகம் ஔவையாராக நடித்து ‘அவ்வை சண்முகம்’ ஆனார். அது கேலிப் பெயர் இல்லை, மரியாதைப் பெயர். 1996-ல் வந்த ‘அவ்வை சண்முகி’யில் அதே பெயரின் சாயல், ஆனால் சேலையே சிரிப்புக்குக் காரணம் ஆகிவிட்டது. ஆண் சேலை கட்டினால் சிரித்தே ஆக வேண்டும் என்று விதி ஒன்றும் கிடையாது. சிரிக்கப் பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1980-களின் அமெரிக்கப் பள்ளிப் படங்களில் பெரும்பாலானவை பையன்களின் பார்வைதான். அதைத் தாண்டுவோம்.

2019-ல் ஒலிவியா வைல்ட் இயக்கிய ‘புக்ஸ்மார்ட்’ வந்தது. அதில் வரும் ஏமி என்ற மாணவி, பெண்ணை விரும்பும் பெண். படம் தொடங்கும்போதே அது எல்லோருக்கும் தெரியும், ரகசியமும் இல்லை, அழுகையும் இல்லை. சிரிப்பு எங்கே என்றால், மகளுக்கு ஆதரவு காட்டுகிறோம் பேர்வழி என்று அம்மாவும் அப்பாவும் அளவுக்கு மீறிப் பண்ணுகிற கூத்தில்! பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்களைச் சிரிப்புக்கு ஆளாக்கிய அந்த ஒரு மாற்றத்துக்காகவே எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

அதே வருடம் மலையாளத்தில் ‘தண்ணீர் மத்தன் தினங்கள்’. கேரள எல்லையில் இருக்கிற நம்ம களியக்காவிளைப் பக்கம் அதற்கு சப்டைட்டில் எதற்கு? பிளஸ் ஒன் பையனின் பொறாமையையும் வீம்பையும் கண்டுதான் அதில் சிரிக்கிறோம்.

தமிழில் எனக்கு ஒரு ஆசை. திருநங்கை மாணவி ஒருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பையே சிரிக்க வைக்க வேண்டும். ஜோக் அவள் அடிப்பதாக இருக்க வேண்டும், அவளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நாகர்கோவிலிலோ குளச்சலிலோ இப்படி ஒரு குறும்படம் எடுத்திருக்கிற பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வீடியோ முழுக்க அதைப் பற்றியே பேசுகிறேன்.