விடுதலைக்கு 49 வருடத் தவணை

நண்பர்களே, வணக்கம்.

ரஷ்ய ஜார் என்றாலே பீட்டரைப் பற்றித்தான் பேசுவோம். தாடிக்கு வரி போட்டவர், சதுப்பு நிலத்தில் தலைநகரம் எழுப்பியவர். சுவையான ஆள்தான். ஆனால் நான் இன்று பேச வந்தது இரண்டாம் அலெக்சாண்டரைப் பற்றி.

1855இல் அவர் பட்டத்துக்கு வந்தபோது கிரிமியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டே அங்கிருந்த ரஷ்யக் கடற்படைத் துறைமுகமான செவஸ்தபோல் விழுந்தது. பிரிட்டனும் பிரான்சும் கடல் கடந்து வந்து ரஷ்யாவை அதன் மண்ணிலேயே அடித்தன. ரஷ்யர்களுக்கோ மாஸ்கோவுக்குத் தெற்கே ரயில் பாதையே கிடையாது. வெடிமருந்து வண்டியில், சேற்றில் போய்ச் சேர வேண்டும். பழைய ரஷ்யா இனி ஓடாது என்பது ஜாருக்குப் புரிந்துவிட்டது.

பழைய ரஷ்யா என்றால் என்ன? பிரபுக்களுக்குச் சொந்தமாக 2 கோடிக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள். பிரபு அவர்களை விற்கலாம், சவுக்கால் அடிக்கலாம், பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுக்கலாம். 1856இல் மாஸ்கோ பிரபுக்களைக் கூப்பிட்டு ஜார் சொன்னார்: இது கீழேயிருந்து தானாக ஒழியும் வரை காத்திருப்பதைவிட, மேலேயிருந்து நாமே ஒழிப்பது மேல். கருணை என்று இதைச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயமும் இருந்தது.

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி 1861 பிப்ரவரி 19 அன்று கையெழுத்துப் போட்டார். ஆணையை மக்களுக்கு வாசித்தது மார்ச்சில், தவக்காலத்துக்கு முந்தைய குடியும் கூத்தும் அடங்கிய பிறகு! விடுதலையைச் சொல்லக்கூட நாள் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, அடிமை விடுதலையானான். நிலம்? கணக்கை நிதானமாகக் கேளுங்கள். காலம் காலமாக உழுத மண்ணுக்கு உழவன் விலை தர வேண்டும். விலையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அரசாங்கம் பிரபுவுக்குக் கொடுத்துவிடும். அது உழவன் தலையில் கடனாக ஏறும். ஆண்டுக்கு 6 சதவீதம், 49 ஆண்டுகள். 100 ரூபிள் கடன் என்றால் கட்டி முடிக்கும்போது 294 ரூபிள். வட்டிக்கு வாங்கிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அதோடு, பல இடங்களில் அவன் உழுதுவந்த நிலத்தில் ஒரு துண்டை வெட்டிப் பிரபுவுக்கே விட்டார்கள். தவணைக்குக் கிராமமே கூட்டாகப் பொறுப்பு. ஆகவே கிராமம் விடாமல் ஒருவன் ஊரைவிட்டுப் போக முடியாது.

ஜனங்களால் நம்ப முடியவில்லை. ஜார் முழு விடுதலை தந்துவிட்டார், பிரபுக்கள்தான் மறைக்கிறார்கள் என்றார்கள். கசான் பக்கம் பெஸ்த்னா என்ற கிராமம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த அன்தோன் பெத்ரோவ் என்ற உழவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, இதோ முழு விடுதலை இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னார். ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. பட்டாளம் சுட்டது. 50 பேருக்கு மேல் செத்தார்கள். பெத்ரோவையும் பிறகு சுட்டுக் கொன்றார்கள். விடுதலை ஆணை வந்த அதே வசந்தகாலத்தில்!

மற்ற சீர்திருத்தங்களும் சின்னவை அல்ல. 1864இல் உள்ளாட்சி மன்றங்கள், ஜூரி முறை நீதிமன்றங்கள். 1874இல் கட்டாயப் படைச்சேவை எல்லா வர்க்கத்துக்கும் பொது. ஒரு காலத்தில் 25 ஆண்டுகளாக இருந்தது 6 ஆண்டுகள் ஆனது. ஜூரி விஷயத்தில் ஒரு வேடிக்கை. தலைநகரின் ஆளுநரையே சுட்டுக் காயப்படுத்திய வேரா ஜாசூலிச் என்ற பெண்ணை, 1878இல் ஜூரிகள் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். ஜார் வைத்த நீதிமன்றம், ஜாரின் அதிகாரியைச் சுட்டவருக்கு விடுதலை! அப்புறம் இதுபோன்ற வழக்குகளை ராணுவ நீதிமன்றங்களுக்கு மாற்றத் தொடங்கினார்கள். கொடுப்பதும் பாதியில் கையை இழுப்பதும், மனிதரின் சுபாவமே அதுதான்.

1881 மார்ச் 1. மக்கள் பிரதிநிதிகளைச் சட்ட ஆலோசனைக்குக் கூப்பிடும் ஒரு திட்டத்துக்கு அன்று காலைதான் ஒப்புதல் கொடுத்திருந்தார். பிற்பகலில் பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையில் முதல் குண்டு வெடித்தது. வண்டி தாங்கிக்கொண்டது. அவர் அப்படியே போயிருக்கலாம். அடிபட்டவர்களைப் பார்க்க இறங்கினார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் விழுந்தது.

அரண்மனையில் அவர் உயிர் பிரிந்தபோது கட்டிலருகே நின்றவர்களில் 12 வயதுப் பேரன் நிக்கலாயும் ஒருவன். காலையில் ஒப்புதல் கொடுத்த திட்டத்தை அவருடைய மகன் கிடப்பில் போட்டார். தவணை மட்டும் நிற்கவில்லை. 1905இல் கிராமங்கள் பற்றி எரிந்தபோதுதான் மிச்சக் கடனை 1907 முதல் ரத்து செய்து ஓர் ஆணை வந்தது. கையெழுத்துப் போட்டவர் அந்தப் பேரன்தான், ஜார் இரண்டாம் நிக்கலாய்.