சரக்கும் சுகர் மாத்திரையும்: ராத்திரியில் இறங்குகிற சுகர்

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது நம்ம காசிமேடு துறைமுகம். போட்டை விட்டு இறங்கியதும் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுகிற அண்ணன்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன். சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகக் கேளுங்கள்.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. டாக்டரும் வீட்டிலும் அதைச் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்கள். குடித்தால் சுகர் ஏறும் என்றுதான் நம்ம ஏரியாவில் பயப்படுகிறார்கள். கூல்டிரிங்க்ஸ் கலந்தால் ஏறும், சரி. ஆனால் எனக்குப் பெரிய பயம், அது இறங்குவதில்தான்.

நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரை விடுகிறது. சரக்கு உள்ளே போனால், கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்வது குறைந்துவிடும். இன்சுலினும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் அப்போதும் சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். குடித்து 24 மணி நேரம் வரைக்கும் லோ சுகர் வரலாம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் என்றால் இந்த அபாயம் குறைவு. அதற்காக அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறுகிற ஆபத்து உண்டு.

சுகர் 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். பார்க்கிறவர்கள் 'மப்புல இருக்கான், தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். நினைத்தாலே மனசு பதறுகிறது. கூட உட்கார்ந்திருக்கிற ஒருத்தரிடமாவது 'எனக்கு சுகர் இருக்கு' என்று சொல்லி வையுங்கள் அண்ணா, இதில் வெட்கமே வேண்டாம்.

வெறும் வயிற்றில் தொடாதீர்கள். வறுத்த மீன் மட்டும் போதாது. இட்லியோ சுண்டலோ ஒரு தட்டு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸோ, மாவுச்சத்து உள்ளே போகணும். அளவு என்று பார்த்தால், ஆணுக்கு ஒரு நாளைக்கு 2, பெண்ணுக்கு 1, அதற்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க நீரிழிவு சங்கம். அந்த ஒன்று என்பது பிராந்தி, விஸ்கி மாதிரி சரக்கில் சுமார் 45 மில்லி. குவார்ட்டர் 180 மில்லி, நீங்களே கணக்குப் போடுங்கள். குடிக்கப் போகிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். படுக்கும் முன் சுகர் பார்த்து, 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

அப்புறம், வீட்டில் இருக்கிற அக்காக்களுக்கு. ஆள் குழறினால், நினைவு இருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்ப சுகர் பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108க்கு அடியுங்கள். சுகர் இருக்கிறது, குடித்திருக்கிறார், இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.