யோகா பாய் தருவார்கள், முக்காலி தரமாட்டார்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். 'ஊழியர் உடல்நலத்தில் முதலாளிகள் காட்டுவது அக்கறையே! கணக்கே!' என்பது தலைப்பு. நான் கணக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு பட்டியல் வாசித்தார். ஆபீஸில் யோகா வகுப்பு, இலவச பாய், வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை முகாம், மனநல ஆலோசகரின் போன் நம்பர், மதியம் ஒரு கூடை வாழைப்பழம். நன்றாகத்தான் பேசினார், நானும் கைதட்டினேன். ஆனால் அம்மா, யோகா எத்தனை மணிக்கு? காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் தொடங்கும் முன்னால். முகாம்? ஞாயிற்றுக்கிழமை. ஆலோசகரிடம் எப்போது பேசலாம்? வீட்டுக்குப் போன பிறகு. முதலாளி எதை வேண்டுமானாலும் கொடுப்பார், வேலை நேரத்தில் பத்து நிமிடத்தை மட்டும் கேட்டுவிடக் கூடாது.

ஜவுளிக்கடைக்குப் போகாதவர்கள் இங்கே யாரும் இல்லை. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பச்சையை எடும்மா, அதுக்கு மேலே இருக்கிற மாம்பழ பார்டரை எடும்மா" என்போம். எடுத்துப் போடுகிற பெண் காலையில் கடை திறந்ததிலிருந்து நிற்கிறாள். ஆள் இல்லாத நேரத்திலும் நிற்கிறாள், ஏனென்றால் உட்கார்ந்திருந்தால் கேமராவில் தெரியும், தெரிந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் வருவார். கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், பாத்ரூமுக்கு அடிக்கடி போகக்கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள், அப்புறம் சிறுநீர்த் தொற்று வரும். ஒரு முக்காலி என்ன விலை இருக்கும்? அவள் அடுக்கி வைக்கிற ஒரு பட்டுப்புடவையின் விலைகூட வராது. அதைப் போடச் சொல்ல ஒரு சட்டம் வேண்டியிருந்தது!

அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை. 'பெண்கூட்டு' என்று அமைப்பு வைத்து, பி. விஜி தலைமையில் வருடக்கணக்காகத் தெருவில் நின்று போராடிய பிறகுதான், 2018இல் கேரளாவில் உட்காரும் உரிமை சட்டமானது. நம் ஊரில் 2021இல், 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். கவனியுங்கள், நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் இடையில் உட்கார ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் வருடச் சட்டத்திலேயே சொல்லியாயிற்று. கடைக்காரப் பெண்ணுக்கு அது வந்து சேர எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகாவது? போன மாதம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் முக்காலி இருக்கிறது, சந்தோஷம். அதன் மேல் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் இறக்கி வைப்பார்களாம்.

இன்னொன்று, கேட்கவே சங்கடமான விஷயம். 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் நூறு பெண்களிடம் பேசி எழுதியது. மாதவிலக்கு வலி என்றால் வேலை நிற்கக் கூடாது என்று அங்கேயே மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது பெரும்பாலும் டாக்டரோ நர்ஸோ இல்லை. மாத்திரையில் பெயர் கிடையாது, காலாவதி தேதி கிடையாது. எதிரணி இதையும் இலவச மருத்துவ உதவி என்று பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்! ஒரு மணி நேரம் படுக்க விட்டால் எத்தனை பீஸ் குறையும், ஒரு மாத்திரை கொடுத்தால் எத்தனை பீஸ் ஏறும், இவ்வளவுதான் அங்கே நடந்த யோசனை.

சரி, அது கூலி வேலை, கோட்டு போட்ட இடத்தில் அப்படி இல்லை என்பீர்கள். 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90க்கு ஏற்றினார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம். ஐம்பத்தைந்துக்கே இந்தக் கதி, இவர் தொண்ணூறு கேட்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முதலாளிகளை நல்லது செய்ய வைக்கவும் கணக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகத்தில் வருடத்துக்கு 1,200 கோடி வேலை நாள் வீணாகிறது, ஒரு லட்சம் கோடி டாலர் நஷ்டம் என்று உலக சுகாதார நிறுவனமே பேச வேண்டியிருக்கிறது. 'உங்கள் ஆள் ராத்திரி தூங்காமல் அழுகிறான்' என்று சொன்னால் போதாதா? போதவில்லை, அதனால்தான் டாலரில் சொல்கிறார்கள்.

எதிரணித் தலைவர் டாடாவைச் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் 1912இலேயே எட்டு மணி நேர வேலை, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமல் கொண்டு வந்தார்கள், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நூறு வருடம் தாண்டியும் மேடைக்கு மேடை அதே கம்பெனியைத்தானே தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்? 2023 ஏப்ரலில் இங்கே 12 மணி நேர வேலைக்கு வழி விடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகு மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டதே, அப்போது 'எங்கள் ஆட்களின் உடம்பு தாங்காது, இது எங்களுக்கு வேண்டாம்' என்று எந்த முதலாளி சங்கம் முதலில் குரல் கொடுத்தது?

அடுத்து பேசப்போகும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டுப் போகிறேன். சட்டம் வராமல், சங்கம் கேட்காமல், சரக்கு வாங்கும் வெளிநாட்டு கம்பெனி ஆடிட்டுக்கு வராமல், சம்பளத்தில் கை வைக்காமல், தானாக முன்வந்து வேலை நேரத்தைக் குறைத்த ஒரு முதலாளி, 1912க்குப் பிறகு. பெயரும் ஊரும் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.