கணக்குக்கு ஓர் அறை வேண்டும்

(கடலூரில் நடந்த நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, நாங்கள் எத்தனை முறை வந்து எத்தனை அலமாரியைக் கலைத்தாலும் முகம் கோணாமல் வரவேற்கும் நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டப் பொறுப்பாளர்களே, திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் மஞ்சக்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பின்னால் நின்று கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கணக்கு ஆசிரியர் ஐயாவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஊரில் அவரிடம் படித்தவர்கள் இல்லாத தெரு கிடையாது. அவர் இருக்கிற மேடையில் கணக்கைப் பற்றிப் பேச என்னை அழைத்ததற்கு வாசகர் வட்டத்துக்கு நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வீட்டில் கற்கும் பிள்ளைகளும் கணக்கும்’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பிள்ளைகளை ஏன் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், வீட்டில் கணக்கு எப்படி நடக்கிறது, சட்டமும் தேர்வும் என்ன சொல்கின்றன என்பவை அந்த மூன்று. நடுவில், பிள்ளைகளின் கணக்குக்கு நம் நூலகத்தில் ஓர் அறை வேண்டும் என்ற கோரிக்கையும் வரும்.

முதல் விஷயம். என் கணவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து அவர் வரும்போது பிள்ளைகள் வேன் ஏறப் போய்க்கொண்டிருப்பார்கள். மதிய ஷிப்ட் என்றால் அவர் வருவதற்குள் தூங்கியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவைப் பார்க்கிற பிள்ளைகளாக அவர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். அதோடு மூத்தவளுக்கு வகுத்தல் கணக்கு வந்தாலே வயிற்றுவலி வந்துவிடும். டாக்டரிடம் காட்டினோம், வயிற்றில் ஒன்றுமில்லை. ட்யூஷனும் வைத்துப் பார்த்தோம், அபாகஸ் வகுப்புக்கும் அனுப்பினோம். இரண்டு இடத்திலும் நல்லவர்கள்தான், நல்ல மனதோடுதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இந்த வாரத்துக்குள் இதை முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கும் இருந்தது. என் ஆயா ஒரு பழமொழி சொல்வார்: தானாகக் கனியாத பழத்தைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா? ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. படியால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அளந்து விற்றவர். முக்காலே அரைக்கால் படிக்கு என்ன விலை என்று கேட்டால், கேட்டவர் காசை எடுப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார். அந்த வார்த்தையை நம்பித்தான் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது விஷயம், வீட்டில் கணக்கு எப்படி நடக்கிறது என்பது. பலர் நினைப்பதுபோல வீட்டில் ஒரு கரும்பலகை மாட்டி, காலை 9 மணிக்கு மணி அடித்து நடத்துவதில்லை. காலையில் கொஞ்ச நேரம் நோட்டுப் புத்தகம். வாரத்தில் இரண்டு நாள் கணினி வழியாக ஒரு சிறு குழுவோடு கணக்கு வகுப்பு. அதில் ஆறேழு பிள்ளைகள் இருப்பார்கள், ஒருவர் புதிர் போடுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வழியில் போட்டுப் பார்ப்பார்கள். விடை சொன்னவுடன் முடிந்துவிடாது, எப்படி வந்தது என்று அடுத்த பிள்ளைக்குப் புரிய வைக்க வேண்டும். என் மகன் ஏழாம் வாய்ப்பாடு சரியாக வராத வயதிலேயே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற எண்களைப் பிடித்துக்கொண்டான். தவணைக் கடனைப் பற்றி நானும் அவன் அப்பாவும் பேசுவதைக் கேட்டே அது அவனுக்குப் புரிந்திருக்கிறது. மகளுக்கு வகுத்தல் ரொம்பத் தாமதமாக வந்தது. ஆனால் வந்த பிறகு பின்னமும் விகிதமும் பின்னாலேயே ஓடி வந்துவிட்டன. வீட்டில் இருப்பதால் அந்தத் தாமதத்தை யாரும் மதிப்பெண்ணாக எழுதி வைக்கவில்லை.

மற்றபடி உழவர் சந்தை, ரேஷன் கடை, முதுநகர் மீன்பிடித் துறைமுகம் எல்லாமே எங்களுக்கு வகுப்புதான். விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடையை மூன்று பெண்கள் சேர்ந்து எடுப்பார்கள். எடுத்த இடத்திலேயே கூறு பிரித்து, பெரிய மீன் போனவருக்குப் பணத்தில் கொஞ்சம் கூட்டி, சிறிய மீன் போனவருக்குக் கொஞ்சம் குறைத்து, யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் கணக்கை முடித்துவிடுவார்கள். பேப்பரும் கிடையாது, பேனாவும் கிடையாது. என் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது ஒரு பலாப்பழக் கதை சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளமான கதை, தலைவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முன்வரிசையில் இருக்கிற கணக்கு ஆசிரியர் ஐயா ஒருநாள் இதே நூலகத்தில் என் மகளிடம், “பலாப்பழத்தை வெட்டாமலே உள்ளே எத்தனை சுளை இருக்குன்னு சொல்ல முடியும், தெரியுமாம்மா?” என்று கேட்டார். காரிநாயனார் எழுதிய ‘கணக்கதிகாரம்’ என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியிருக்கிற சிறு முட்களை எண்ண வேண்டும். அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். வருவதுதான் சுளை. பிள்ளைகள் அன்று இரவு தூங்கவில்லை. பண்ருட்டிப் பக்கம்தான் என் மாமனார் வீடு. பலாவுக்குப் பேர்போன ஊர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டார்கள். அந்த வாரமே பஸ்ஸில் ஒரு பழம் வந்து இறங்கியது, மகனின் இடுப்பு உயரத்துக்கு.

திண்ணையில் சாக்கை விரித்துப் பழத்தை நிறுத்தியாயிற்று. மகள் சாக்பீஸால் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டு எண்ணினாள், 70 வந்தது. தம்பி எண்ணினான், 90 வந்தது. அங்கேயே சண்டை ஆரம்பம். காம்பைச் சுற்றி என்றால் எது வரைக்கும்? ஒட்டியிருக்கிற முதல் வட்டம் மட்டுமா, அதற்கு வெளியே இருக்கிறதும் சேர்த்தியா? இவள் கணக்குப்படி 84 சுளை. அவன் கணக்குப்படி 108. அதற்குள் பக்கத்து வீட்டு ஆயா வந்துவிட்டார். எதிர்வீட்டு அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் ஒன்றும் எண்ணவில்லை, பழத்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு, “நூறுக்கு உள்ளதாங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டார். இரவு ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் அரிவாளுக்கும் கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெட்டியதும் அடுத்த சிக்கல். சுளையை எடுக்க எடுக்கத் தின்றால் எப்படி எண்ணுவது? மகள் ஒரு சட்டம் போட்டாள்: யார் வேண்டுமானாலும் தின்னலாம், ஆனால் கொட்டையைத் தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். ஒரு சுளைக்கு ஒரு கொட்டை. கொட்டைகளை வாழையிலையில் பத்துப் பத்தாக வரிசை வைத்தாள். தெருவே தின்று முடித்தபோது ஒன்பது வரிசை நிறைந்து நான்கு கொட்டை மிஞ்சியது, 94. அக்காவும் ஜெயிக்கவில்லை, தம்பியும் ஜெயிக்கவில்லை. கொட்டை பிடிக்காமல் வெறும் தோலாக நின்றுபோன இரண்டு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு, “இதெல்லாம் சேர்த்தியா இல்லையா?” என்று தம்பி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதோடு விட்டிருந்தால் அது ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் நான் சொல்லாமலே மகள் நோட்டைத் திறந்து கணக்கைத் தலைகீழாகப் போட்டாள். சுளை 94 என்றால் முள் எத்தனை இருந்திருக்க வேண்டும்? 94-ஐ ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்தாள். 78, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு. “அம்மா, மூன்றில் ஒரு பங்கு முள் எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டாள். 78 முள் என்று வைத்துப் பார்த்தாள், 93.6 சுளை வந்தது. 79 என்று வைத்தாள், 94.8. அப்படியானால் எப்படி எண்ணினாலும் இந்த முறையில் 94 வரவே வராது என்று கண்டுபிடித்தாள். உடனே தம்பி, “அந்தப் புள்ளி ஆறுதான் நான் கையில வச்சிருந்த தோலு” என்றான். வகுத்தல் என்றால் வயிற்றுவலி வந்த பிள்ளை, பெரியோர்களே! அந்த சீசன் முழுக்கச் சித்தப்பா மண்டியில் சாக்பீஸும் நோட்டுமாக உட்கார்ந்து பழத்துக்குப் பழம் அட்டவணை போட்டாள். விகிதம், சராசரி, எந்தப் பக்கம் எவ்வளவு பிசகுகிறது, எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. தானாகக் கனியாத பழத்தைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா? கனிகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு பழைய புத்தகமும் கேள்வி கேட்கிற ஒரு பெரியவரும் இருந்தார்கள்.

அவர்கள் இருந்த இடம் எது? இந்த நூலகம்! நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

நமது மாமன்ற உறுப்பினர் அவர்கள் இப்போது வந்து அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் வணக்கம். தம் வார்டு வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. அவர்களும் கேட்க வேண்டிய பகுதிக்குத்தான் வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் பிள்ளைகளுக்கான ஒரு கணக்குப் போட்டிக்கு என் மகள் பேர் கொடுக்கப் போனாள். படிவத்தில் பள்ளியின் பெயர் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் கற்கும் பிள்ளைக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று இதை நினைக்காதீர்கள். இடையில் நின்று துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பிள்ளை, ஊர்விட்டு ஊர் வந்து டிசி வாங்க முடியாமல் இருக்கிற பிள்ளை, இவர்களுக்கும் அந்தக் கட்டம் காலிதான். இந்த ஊரில் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் எல்லாப் பிள்ளையையும் உள்ளே விடுகிற ஓர் இடம் இருக்கிறது என்றால் அது பொது நூலகம்.

நூலகத்துக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். நமக்குப் பக்கத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படுகிறவர். அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்துக்கு அவர் 1931-ல் எழுதிவைத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் நூலகத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு கணிதத் தொகுப்பு என்ன செய்தது என்பது உலகத்துக்கே தெரியும். கல்லூரித் தேர்வில் தோற்ற பிள்ளை அவர். அவர் பிறந்த டிசம்பர் 22-ஐத்தான் இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறோம்.

நாங்கள் இலவசமாக ஒன்றும் கேட்கவில்லை. 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி நாம் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரூபாய்க்கு 10 பைசா. சென்னையில் 2010-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, மதுரையில் 2023-ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. இரண்டிலும் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி அழகாக அமைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். நம் நூலகத்தில் ஓர் அறை போதும்.

அந்த அறையில் என்ன இருக்க வேண்டும் என்பதை நாங்கள் எழுதியே வைத்திருக்கிறோம். சுற்றி உட்கார ஒரு பெரிய மேசை. ஒரு தராசு, படிக்கற்கள், படி, உழக்கு, ஆழாக்கு. அளவு நாடா, கட்டைகள், சதுரங்கப் பலகை, கட்டம் போட்ட தாள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கணக்குப் புதிர் நூல்கள். பழைய தமிழ் அளவைகளைப் பற்றிய நூல்கள். அப்புறம் ஒரு பெரியவர். கணக்கு ஆசிரியர் ஐயா வாரம் இரண்டு மாலை வந்து உட்காருவதாக இந்த மேடையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், கைதட்டுங்கள். பாடம் நடத்த வேண்டாம், மதிப்பெண் போட வேண்டாம், பிள்ளைகள் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். தானாகக் கனியாத பழத்தைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா என்று கேட்ட என் ஆயாவைப்போல அளந்து விற்றவர்கள், ஏலம் எடுத்தவர்கள், தச்சு வேலை தெரிந்தவர்கள் வந்து உட்கார்ந்தாலும் நல்லதுதான். அவர்களிடம் இருக்கிற கணக்கு அவர்களோடு போய்விடக் கூடாது.

மூன்றாவது விஷயம் சட்டமும் தேர்வும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை, வீட்டுக் கல்வியைப் பற்றித் தனியாகவும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது, 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். நம் மாநிலத்தில் பன்னிரண்டரை வயதில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வும் எழுதலாம். இதைப் பற்றிக் கேட்க வேண்டிய பெற்றோர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.

மாமன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த அறையைக் கேட்டு எழுதிய மனுவின் ஒரு படியை இப்போதே உங்கள் கையில் தருகிறோம், உரிய அதிகாரிகளிடம் கொண்டு சேருங்கள். மற்றவர்களுக்கு மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. பெயரும் தெருவும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளைகளும் போடலாம். பேனா கொண்டுவராதவர்களுக்கு என் மகளும் மகனும் அங்கே பேனாவோடு நிற்கிறார்கள். மேசையோ தராசோ கொடுக்க முடிந்தவர்கள் நூலகர் அம்மாவிடம் இருக்கிற நோட்டில் பதிந்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.