பாஸ்டன் சந்தையில் நின்று பிரெக்ஸிட்டைப் பேசுகிறேன்

வணக்கம் நண்பர்களே. இன்று நான் நின்று பேசும் இடம் இங்கிலாந்தின் கிழக்கில், லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்னும் சிறுநகரம். அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் பெயர் கிடைத்தது இங்கிருந்துதான். எனக்குப் பின்னால் தெரிவது செயின்ட் பொடால்ஃப் தேவாலயத்தின் கோபுரம். இத்தனை உயரமான கோபுரத்தை ஊரார் ‘ஸ்டம்ப்’, அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, என்று அழைக்கிறார்கள். காற்றின் இரைச்சல் மைக்கில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது கடலோரச் சமவெளி, காற்றைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற வேண்டும், அதாவது பிரெக்ஸிட் வேண்டும், என்று இந்த ஊரில் வாக்களித்தவர்கள் 75.6 விழுக்காடு. வாக்குகள் எண்ணப்பட்ட 382 பகுதிகளில் வேறெங்கும் இந்த அளவை எட்டவில்லை. நாடு முழுவதற்குமான கணக்கோ 51.9க்கு 48.1 என்று நூலிழையில்தான் முடிந்தது.

இதைப் பற்றித் தமிழில் பேசும்போது, ‘வெள்ளைக்காரனுக்கு வந்தேறிகளைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறோம். எனக்கு அந்த வரியில் உடன்பாடில்லை. இரண்டு வெவ்வேறு மனக்குறைகள் அன்று ஒரே பெட்டியில் வாக்காக விழுந்தன என்பதே என் எண்ணம். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது ஒன்று. யார் வரலாம் என்பதை யார் முடிவு செய்வது என்பது மற்றொன்று. வாக்கெடுப்பு நாளன்று ஆஷ்கிராஃப்ட் பிரபு நடத்திய கருத்துக்கணிப்பில், வெளியேறச் சொன்னவர்களில் 49 விழுக்காட்டினர், பிரிட்டனைப் பற்றிய முடிவுகள் பிரிட்டனில்தான் எடுக்கப்பட வேண்டும் என்பதையே முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். குடியேற்றத்தையும் எல்லையையும் மீண்டும் கட்டுக்குள் கொண்டுவருவதை முதன்மைக் காரணமாகச் சொன்னவர்கள் 33 விழுக்காட்டினர். இரண்டு கூட்டத்தாருக்கும் ஒரே முழக்கம்தான் கொடுக்கப்பட்டது: ‘கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறுவோம்’.

இந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்கிறேன். சுற்றிலும் இருப்பது ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்து, நீரை வடித்து விளைநிலமாக்கப்பட்ட கரிசல் போன்ற மண். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, வசந்த காலத்தில் டாஃபடில் பூக்கள் என்று பிரிட்டனின் சமையலறைகளுக்குக் கணிசமான பங்கு இங்கிருந்துதான் போகிறது. அறுவடைக்கு ஆள் சேர்த்து, வேனில் ஏற்றி, வயலில் இறக்கி, கூலியில் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும் இடைத்தரகரை ஆங்கிலத்தில் ‘கேங்மாஸ்டர்’ என்கிறார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிய கதை தெரிந்த நமக்கு அதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: கங்காணி. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் வடமேற்கே மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் கடல் ஏறியபோது சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கங்காணிகளுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது.

அதே 2004 மே மாதத்தில்தான் போலந்து, லிதுவேனியா, லாட்வியா உள்ளிட்ட பத்து நாடுகள், ஒரு நாட்டின் குடிமக்கள் மற்ற உறுப்பு நாடுகளில் விசா இன்றி வேலை செய்யக்கூடிய ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. அவற்றுள் கிழக்கு ஐரோப்பாவின் எட்டு நாடுகளிலிருந்து வருவோருக்கு ஏழு ஆண்டுகள் வரை வேலைச்சந்தையைத் திறக்காமல் இருக்கலாம் என்று ஒன்றியமே பழைய உறுப்பு நாடுகளுக்கு அனுமதி தந்திருந்தது. ஜெர்மனி அதை முழுமையாகப் பயன்படுத்தி 2011 வரை கதவைச் சாத்தி வைத்தது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று மட்டுமே முதல் நாளிலேயே திறந்தன. ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வரக்கூடும் என்பது பிரிட்டிஷ் உள்துறைக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு; மற்ற பெரிய நாடுகளும் கதவைத் திறக்கும் என்ற அனுமானத்தின் மேல் போட்ட கணக்கு அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலந்தில் பிறந்தவர்கள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 58,000 பேர். 2011இல் 5,79,000 பேர். கணக்கு இப்படிப் பிசகியதற்கு ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸைக் குற்றம் சொல்வது எளிது, ஆனால் திறந்த கை லண்டனின் கை.

இப்போது நான் நடந்துகொண்டிருப்பது வெஸ்ட் ஸ்ட்ரீட். இந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணாடிச் சாடிகளில் ஊறவைத்த வெள்ளரிக்காய், கறுத்த ரை ரொட்டி, புகையில் வாட்டிய மீன். பெயர்ப்பலகையில் லிதுவேனிய மொழி. லண்டனின் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் முருங்கைக்காயையும் நெத்திலிக் கருவாட்டையும் பார்த்தால் நமக்கு எப்படி வயிறு குளிர்கிறதோ, அப்படித்தான் இவர்களுக்கும். ஆனால் ஈஸ்ட் ஹாம் பல தலைமுறையாக வந்தவர்களைப் பார்த்துப் பழகிய பெருநகரத்தின் பகுதி. பாஸ்டனோ பத்தே ஆண்டுகளில் மாறிய ஊர். வீட்டு வாடகை ஏறியது, மூன்று படுக்கையறை வீட்டில் ஒன்பது பேரைக் கங்காணி அடைத்தார், மருத்துவரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. வேலையாட்கள் செலுத்திய வரி லண்டனில் உள்ள கருவூலத்துக்குப் போனது, கூட்டம் மட்டும் இங்கே தங்கியது. குடியேற்றத்தால் உள்ளூர்க்காரர்களின் கூலி பெரிதாகக் குறையவில்லை என்று அரசின் குடியேற்ற ஆலோசனைக் குழு 2018இல் சொன்னது. அது நாட்டின் சராசரி. மருத்துவமனை வரிசையில் நிற்பவரிடம் அந்தச் சராசரியைக் காட்டி என்ன பயன்?

காலையில் சந்தையில் காலிஃபிளவர் விற்கும் முதியவர் ஒருவரிடம் பேசினேன். அவர் எண்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. “எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். வாக்களித்தது எப்படி என்று நான் கேட்கவும் இல்லை, அவர் மறைக்கவும் இல்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் நாமும் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 2016இல் நான் இந்தியக் கடவுச்சீட்டோடு, வேலை விசாவில், ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாமில் குடியிருந்தேன். காமன்வெல்த் குடிமக்கள் இங்கு சட்டப்படி வசித்தால் வாக்குரிமை உண்டு என்பதால், இந்தியரும் இலங்கையரும் அந்த வாக்கெடுப்பில் பங்கேற்க முடிந்தது. என்னோடு அலுவலகத்தில் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த போலந்துப் பெண்மணி பதினொரு ஆண்டுகளாக வரி கட்டியவர், அவருக்கு வாக்கில்லை. ஐந்தே ஆண்டுகளுக்கு முன் மாணவனாக வந்த எனக்கு இருந்தது. அன்று லண்டனில் கொட்டிய மழையில் நனைந்தபடி வாக்குச்சாவடிக்குப் போனேன். பென்சிலால் குறித்தால் அழித்துவிடுவார்கள், பேனா கொண்டு போ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றியது. சாவடியில் கயிற்றில் கட்டித் தொங்கிய மொட்டைப் பென்சிலாலேயே குறித்துவிட்டு வந்தேன். ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்பதே என் வாக்கு.

ஆனால் நியூஹாமில் என் பக்கம் நின்றவர்கள் 52.8 விழுக்காடுதான். லண்டன் முழுவதற்கும் அது ஏறக்குறைய 60. நான் மளிகை வாங்கும் கடையின் யாழ்ப்பாணத்து அண்ணை வெளியேறத்தான் வாக்களித்தார். “தம்பி, என்ர மகன் ஊரில கலியாணம் கட்டி மனிசியைக் கூப்பிட மூண்டு வருசமா அலையிறான். உவங்கள் மட்டும் ஐடி கார்டோட குடும்பமா வந்து இறங்கிறாங்கள். இது என்ன நியாயம்?” என்று கேட்டார். அவருடைய குறை கற்பனையன்று. 2012 ஜூலை முதல், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து மனைவியையோ கணவரையோ அழைத்துவர ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற விதி பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இருந்தது. இங்கே வேலை செய்த ஐரோப்பியக் குடிமகனுக்கு அந்த வரம்பு இல்லை. அண்ணையின் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவரோ நெதர்லாந்துக் குடியுரிமை பெற்ற தமிழர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் என்று அகதிகளாகப் போய்க் குடியுரிமை பெற்று, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று அதே ஐரோப்பிய உரிமையோடு லண்டனுக்கு வந்த ஈழத் தமிழர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்லர்.

அண்ணையின் மனக்குறையை அரசியல்வாதிகள் சரியாகக் கண்டுகொண்டார்கள். வெளியேறினால் தெற்காசியச் சமையற்காரர்களுக்கு விசா எளிதாகும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று அன்றைய வேலைவாய்ப்பு அமைச்சர் பிரீத்தி படேல் பேசினார். பாஸ்டனில் கேட்டது ‘குறையும்’ என்ற சொல். ஈஸ்ட் ஹாமில் கேட்டது ‘உங்களவர்கள் வரலாம்’ என்ற சொல். ஒரே வாக்குச்சீட்டுக்கு இரண்டு விலாசங்கள்.

அன்றைய பிரதமர் டேவிட் கேமரன் நிகரக் குடியேற்றத்தை, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணை, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவதாக வாக்குறுதி கொடுத்திருந்தார். 2015இல் அந்த எண் 3,33,000. அதில் ஐரோப்பியர்கள் 1,84,000 பேர். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் 1,88,000 பேர் என்று அப்போது வெளியான கணக்கு சொல்லிற்று. பிரிட்டிஷ்காரர்களில் வெளியேறியவர்களே அதிகம் என்பதால் கூட்டுத்தொகை சற்றுக் குறைந்தது. இந்த 1,88,000 பேரில் பெரும்பாலோருக்கு விசா தரும்படி பிரஸ்ஸல்ஸ் கட்டாயப்படுத்தவில்லை. பெரும்பாலும் தன் கையில் இருந்த கதவின் வழியாகவே இலக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பேரை அரசு உள்ளே விட்டிருந்தது. கட்டுப்பாடு கைக்கு வந்தால் எண் குறையும் என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கை மக்கள் முன் பெரிதாக விரித்து வைக்கவில்லை. நீடிக்கச் சொன்ன என் தரப்பும் வைக்கவில்லை. நாங்கள் பொருளாதாரம் சரியும் என்று பயமுறுத்துவதிலேயே நேரத்தைக் கழித்தோம்.

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது; 2021 தொடக்கத்தில், அப்போது உள்துறை அமைச்சராகியிருந்த அதே பிரீத்தி படேலின் புள்ளிமுறை, அதாவது தகுதிகளுக்குப் புள்ளி போட்டு விசா தரும் முறை, நடைமுறைக்கு வந்தது. முதியோர் இல்லங்களில் ஆள் இல்லை என்று 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியர்களுக்கும் விசா திறக்கப்பட்டது. 2023 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பியர்கள் வருவதைவிடப் போவது அதிகமாயிற்று; வந்தவர்களில் இந்தியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆக, அண்ணையின் வாக்கு பலித்தது, பாஸ்டனின் வாக்கு பொய்த்தது.

அண்ணைக்குப் பலித்ததும் நெடுநாள் நிலைக்கவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து உறவுக்காரப் பெண் ஒருவர், நிலத்தை அடகு வைத்து ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, ‘சி.ஓ.எஸ்’ எனப்படும், வேலை தரும் நிறுவனத்தின் ஸ்பான்சர் சான்றிதழை வாங்கிப் பராமரிப்பு வேலைக்கு வந்தார். வந்து பார்த்தால் வாரத்துக்குப் பத்து மணி நேர வேலைகூட இல்லை. பிறகு வெளிநாட்டு ஆட்களை எடுக்க அந்த நிறுவனத்துக்கு இருந்த உரிமமே போனது. அறுபது நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடி, இல்லையேல் கிளம்பு என்று கடிதம் வந்தது. அவரைப் போலப் பலர்: 2022 முதல் 2024 முடிய பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உரிமத்தை இழந்தன. கங்காணி வயலிலிருந்து முதியோர் இல்லத்துக்கு இடம் மாறினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2024 மார்ச்சில் இந்த விசாவில் குடும்பத்தை அழைத்துவரத் தடை வந்தது. அடுத்த மாதமே மனைவி, கணவர் விசாவுக்கான வருமான வரம்பு 29,000 பவுண்டாக ஏறியது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து பராமரிப்பு ஊழியர்களை எடுப்பதே நின்றது. 2025 ஜூனில் முடிந்த ஓராண்டுக்கான நிகர எண் 2 லட்சத்துச் சொச்சம். எண் இறங்கிவிட்டது, கோபம் இறங்கவில்லை. 2024 தேர்தலில் இந்தத் தொகுதியை வென்றவர், குடியேற்றத்தைக் கடுமையாக எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸ்.

ஊருக்கு வெளியே வயல்களில் இப்போதும் ஆள் வேண்டும். ஆறு மாதப் பருவகால விசாவில் கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து பிரிட்டனின் பண்ணைகளுக்கு ஆள் வருகிறார்கள். குடும்பத்தை அழைத்துவர முடியாது, அறுவடை முடிந்தால் திரும்ப வேண்டும்.

காலையில் கேமராவை அணைத்த பிறகு அந்தக் காலிஃபிளவர் பெரியவர், ஒன்றை எடைபோட்டுப் பையில் போட்டபடி, நான் இங்கே வாக்களிக்க முடியுமா என்று கேட்டார். முடியும், 2016இலேயே இந்தியனாக இருந்துகொண்டு வாக்களித்தேன் என்றேன். அவர் கை அப்படியே நின்றது. தன் மகளைக் கட்டியவர் லிதுவேனியாக்காரர், பன்னிரண்டு வருடம் இதே ஊரில் லாரி ஓட்டியவர், அவருக்கு அன்று வாக்கில்லை என்றார். “உங்களுக்கு இருந்ததா?” என்று மறுபடியும் கேட்டார். இருந்தது என்றேன்.